பதினான்கு நாள் மாத்திரை பிறந்த கதை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் எந்த மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும்: “அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க.” கேட்கும் கம்பெனித் தொழிலாளி மாத்திரையின் பெயரைச் சொல்வதில்லை. கடைக்காரரும் எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிப்பதில்லை. பேச்சுக் கொடுத்தால் விவரம் வரும். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது, மேல் வயிறு எரிகிறது, ஏப்பம் ஏப்பமாக வருகிறது, காலையில் எழுந்தால் குமட்டுகிறது. காரணமும் தயாராக இருக்கும்: கேன்டீன் சாப்பாடு, வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட், தூக்கம் கெட்ட ராத்திரி, வெறும் வயிற்றில் டீ. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காதவரும் “எனக்கு அல்சர் இருக்கு” என்று உறுதியாகச் சொல்வார்.

இந்தக் காரணங்களைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நேரங்கெட்ட சாப்பாடும் தூக்கமின்மையும் வயிற்றைப் படுத்தத்தான் செய்யும். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அஜீரணத்தோடு வாழ்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இரைப்பையின் உள்சுவரில் ஒரு கிருமி குடியிருக்கிறது. பெரும்பாலும் அது கம்பெனியில் சேர்ந்த பிறகு வந்ததல்ல. சிறு வயதில், பிறந்த வீட்டிலேயே தொற்றியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர், மருத்துவமனைகளில் எச்.பைலோரி என்பார்கள். இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் அது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதை வெளியேற்றப் பதினான்கு நாள் மருந்து இருக்கிறது. அந்த மருந்து பிறந்த கதையின் ஓர் அத்தியாயம் நம் மண்ணில் நடந்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அப்போது திருவிதாங்கூரின் தென்கோடி. லண்டன் மிஷன் சங்கம் 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி அங்கே பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருந்தது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயர் குழுவில் தியோடர் ஹோவார்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கியவர் ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபடி நெய்யூருக்கு வந்தார். கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, ஒற்றை அறுவை மருத்துவர் திணறிக்கொண்டிருந்ததைக் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் 28,000 அடியை நெருங்கிவிட்டுத் திரும்பி வந்ததும் இந்த மருத்துவமனைக்குத்தான். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தார்.

நெய்யூரில் அவர் கத்தி பிடித்த நோய்களில் முக்கியமானது குடற்புண். இரைப்பைக்கு அடுத்த முன்சிறுகுடலில் வரும் புண் அது. நாள்பட்ட புண்ணால் உணவு இறங்கும் வழியே அடைபட்டு, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாக வருவார்கள். அவர்களுக்கு இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கும் அறுவையைச் செய்தார். தென்னிந்தியாவில் இந்தப் புண் ஏன் இத்தனை அதிகம் என்று அவரும் உடன் பணியாற்றிய ஐ. எம். ஆரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வந்தது.

அந்தக் காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றது சாப்பாடு. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்கேரிசன் மரவள்ளிக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பையில் புண் வருவதைக் காட்டினார். 1960-களில் ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்கோத்ரா அரிசி உண்ணும் தெற்கையும் கோதுமை உண்ணும் வடக்கையும் ஒப்பிட்டு எழுதினார். மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவே இந்தியா முழுக்கப் புண்ணின் வரைபடத்தைத் தேடினார். இவர்கள் கவனித்த வேறுபாடுகள் உண்மையானவை. கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை என்பதால் உணவு எந்த அளவுக்குக் காக்கிறது, கெடுக்கிறது என்ற கேள்வி இன்றும் மதிப்புள்ளதே. ஆனால் அறுத்துத் திறந்த அத்தனை வயிறுகளிலும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த கிருமியைத் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரைப்பை அமிலத்தில் எதுவும் உயிர் வாழாது என்பது அன்று பாடப்புத்தக உண்மை. நெய்யூரிலும் மதராஸிலும் மட்டுமல்ல, லண்டனிலும் பாஸ்டனிலும் அதுதான் பாடம்.

பார்த்தவர்கள் இல்லாமலும் இல்லை. இத்தாலியின் ஜூலியோ பிட்சொசெரோ 1893-லேயே நாய்களின் இரைப்பையில் சுருள் கிருமிகளை விவரித்திருந்தார். 1940-இல் அமெரிக்க மருத்துவர் ஃப்ரீட்பெர்க் மனித இரைப்பையிலும் கண்டார். 1954-இல் பால்மர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைத் திசுக்களைச் சோதித்து ‘கிருமி எதுவும் இல்லை’ என்று அறிவித்தார். அவர் பயன்படுத்திய சாயத்தில் அந்தக் கிருமி தெளிவாகத் தெரியாது. ஒரு சாயத்தின் குறையால் மருத்துவ உலகம் இருபத்தைந்து ஆண்டுகளை இழந்தது. அந்த இடைவெளியில் கிரேக்கத்தின் மிசலோங்கி ஊரில் ஜான் லிகூடிஸ் என்ற பொது மருத்துவர் 1958 முதல் குடற்புண் நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குணப்படுத்தி வந்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம். மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பெயர் அவருடையது.

1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஓர் இரைப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது நீலக் கோடு போல ஏதோ தெரிந்தது. வெள்ளிச் சாயம் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார்: வளைந்த கிருமிகள், கூட்டம் கூட்டமாக. சக மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. அவர் விடாமல் இரண்டு ஆண்டுகள் சேகரித்தார். கிருமி இருந்த திசுக்களில் எல்லாம் அழற்சியும் இருந்தது.

1981-இல் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். அந்த நாட்களில் ஒரு முதியவர், ரஷ்யாவிலிருந்து குடியேறியவர், சாப்பிட்டால் கடும் வயிற்றுவலி என்று வந்திருந்தார். எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை, அழற்சி மட்டுமே. திசுவில் கிருமி இருந்தது. மார்ஷல் அவருக்கு டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்த்தார். இரண்டு வாரத்தில் முதியவர் தெம்பாக நடந்து வந்தார். ஒருவருக்குக் குணமானதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது மார்ஷலுக்கும் தெரியும். ஆனாலும் இன்றைய சிகிச்சையின் முதல் சுவடு இங்கே கிடக்கிறது. அந்த முதியவர் வந்தது புண்ணோடு அல்ல, நம் ஊர்க்காரர்கள் சொல்லும் அதே வயிற்று உபாதையோடு.

1982-இல் நூறு நோயாளிகளின் திசுக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் எதுவும் வளரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப்போடுவது ஆய்வக வழக்கம். அந்த ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகள் அடைகாப்புப் பெட்டியிலேயே ஐந்து நாள் கிடந்தன. விடுமுறை முடிந்து திறந்தபோது கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் ஜாதி, அவ்வளவுதான் விஷயம். முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது என்று அந்த ஆய்வு காட்டியது.

அமிலத்துக்கு நடுவே அது எப்படிப் பிழைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யூரியேஸ் என்ற நொதி அதனிடம் ஏராளமாக இருக்கிறது. வயிற்றில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கி, தன்னைச் சுற்றிலும் அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. சுருள் உடலும் வால் இழைகளும் இருப்பதால் இரைப்பையின் சளிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு அமிலம் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. அங்கே வருடக்கணக்கில் அழற்சி நீடிக்கிறது. சிலருக்கு அமிலச் சுரப்பு கூடிக் குடற்புண் வருகிறது. சிலருக்கு இரைப்பைச் சுவர் நலிந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவும் மாறலாம். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. பலருக்கு ஒன்றும் வெளியே தெரிவதில்லை.

மார்ஷலை யாரும் நம்பவில்லை. 1983-இல் ஆஸ்திரேலிய இரைப்பை மருத்துவர் சங்கத்துக்கு வந்த 67 ஆய்வுச் சுருக்கங்களில் 56 ஏற்கப்பட்டன, அவருடையது ஏற்கப்படவில்லை. விலங்குகளுக்குத் தொற்ற வைத்துப் பார்த்தார், தொற்றவில்லை. கடைசியில் 1984-இல், தன் இரைப்பை ஆரோக்கியமாக இருப்பதை எண்டோஸ்கோப்பியில் உறுதி செய்துகொண்டு, கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் இரைப்பை முழுக்க அழற்சி, திசுவில் கிருமி. மனைவி ஏட்ரியனின் வற்புறுத்தலால் மருந்து எடுத்துக்கொண்டார். கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பது நிரூபணமானது.

அடுத்தது மருந்து. வயிற்றுக்கோளாறுக்குப் பல காலமாகக் கொடுக்கப்பட்ட பிஸ்மத் உப்பு இந்தக் கிருமியைக் கொல்கிறது என்பதை மார்ஷல் ஆய்வகத்தில் கண்டார். ஆனால் அது தனியாக முழுவதும் துடைப்பதில்லை. பிஸ்மத்தோடு டினிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் குடற்புண் நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வை 1988-இல் வெளியிட்டார். கிருமி தங்கியவர்களில் 84 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. கிருமி போனவர்களில் 21 சதவீதத்தினருக்கு மட்டுமே. அதே காலத்தில் சிட்னியில் தாமஸ் போரடி பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்து நல்ல பலன் கண்டார். ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டும் என்பதே மூன்றைச் சேர்த்ததன் நியாயம். காசநோய்க்குக் கூட்டு மருந்து கொடுப்பதும் இதே நியாயத்தில்தான். 1980-களின் கடைசியில் அமிலச் சுரப்பை அடியோடு குறைக்கும் ஓமெப்ரசோல் வந்தது. அமிலம் தணிந்தால் ஆன்டிபயாட்டிக் சிதையாமல் வேலை செய்யும். இத்தாலியில் பட்சோலி குழுவினர் 1993 வாக்கில் ஓமெப்ரசோலோடு கிளாரித்ரோமைசினையும் டினிடசோலையும் சேர்த்து ஒரு வாரச் சிகிச்சையை வடித்தார்கள். இன்று ஒரே அட்டையில் அடைத்து விற்கும் ‘கிட்’ அதன் வாரிசு. ஒரு வாரம் போதவில்லை என்று அனுபவம் சொன்னதால் அது பதினான்கு நாளாக நீண்டது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சொன்னது புண்ணின் கதை. ஒரகடத்துத் தொழிலாளிக்கு எண்டோஸ்கோப்பி செய்தால் பெரும்பாலும் புண் இருக்காது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றோ, லேசான அழற்சி என்றோ எழுதியிருக்கும். வயிறு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அவருக்கு இந்த மருந்து உதவுமா? 1998 டிசம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கிளாஸ்கோவில் மெக்கால் குழு செய்ததில், கிருமியை ஒழித்தவர்களில் 21 சதவீதத்தினருக்கு ஓராண்டில் உபாதை தீர்ந்தது; அமிலம் குறைக்கும் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதத்தினருக்கு. இன்னொரு ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. வாதம் வருடக்கணக்கில் நீண்டது. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பதினைந்து பேருக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக ஒருவர் குணமாகிறார் என்று தெரிந்தது.

பதினைந்தில் ஒருவர் என்பது குறைவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒருவர் பத்து வருடம் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவராக இருக்கக்கூடும். பதினான்கு நாளில் அவர் விடுபடுகிறார். குணமாகாத மற்றவர்களுக்கும் புண்ணும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. 2014-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் கூடிய வல்லுநர்கள் ஒரு தெளிவான வரையறைக்கு வந்தார்கள்: இந்தக் கிருமியால் வரும் இரைப்பை அழற்சி, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தொற்றுநோய். கிருமியை ஒழித்த பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உபாதை இல்லாமல் இருந்தால் அவருடைய அஜீரணத்துக்குக் கிருமியே காரணம். பிறகும் உபாதை நீடித்தால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

இந்தக் கதை நம் நாட்டில் இன்னும் முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் தலைமையில் சென்னை, ஹைதராபாத், லக்னோ, டெல்லி, சண்டிகர் உள்ளிட்ட நகரங்களில் எடுத்த கிருமிகளைச் சோதித்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஏறக்குறைய 78 சதவீதக் கிருமிகளிடம் மெட்ரோனிடசோல் எடுபடவில்லை. கிளாரித்ரோமைசினும் சுமார் 45 சதவீதத்தில் தோற்றது. வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் மட்டும் விழுங்கிய ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் மருத்துவ வழிகாட்டிகள் இப்போது போரடியின் பழைய கூட்டுக்குத் திரும்பியிருக்கின்றன: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை. ஒரு நாளைக்குப் பல வேளை, பதினான்கு நாள். மெட்ரோனிடசோல் எடுபடாத கிருமியும் இந்தக் கூட்டில் முழு அளவில், முழு நாளும் கொடுத்தால் பெரும்பாலும் பணிந்துவிடுகிறது.

ஷிப்ட் வேலைக்காரருக்கு இது லேசான காரியம் இல்லை. ஏ ஷிப்டில் தொடங்கிய மருந்து சி ஷிப்டுக்குள் நுழையும்போது வேளை குழம்பும். லைனில் நிற்கும்போது மாத்திரைக்காக ரிலீவர் கேட்கத் தயக்கம் வரும். வாயில் உலோகச் சுவை, குமட்டல், கறுப்பு மலம் எல்லாம் வரும். பிஸ்மத் சாப்பிடும்போது மலம் கறுப்பது இயல்பு. அந்த நாட்களில் மதுவைத் தொடக் கூடாது. ஐந்தாம் நாளே வயிறு லேசாகிவிட்டது என்று நிறுத்துகிறவர், மருந்துக்கு மசியாத கிருமியைத் தனக்குள் தானே வளர்த்துக்கொள்கிறார். மருத்துவர் சீட்டு எழுதும் முன்பே உங்கள் ஷிப்ட் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். வேளையை அதற்கேற்றபடி வகுத்துத் தருவார். நிர்வாகங்களும் பதினான்கு நாளுக்கு ஒருவரின் ஷிப்டை மாற்றாமல் வைத்திருந்தால் பெரிய உதவி. உற்பத்திக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

அமிலம் குறைக்கும் கேஸ் மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுவோருக்கு அது நல்ல மருந்து. காரணம் தெரியாமல் வருடக்கணக்கில் விழுங்குவதே தவறு. முதுகுவலிக்கும் கால்வலிக்கும் அடிக்கடி வலி மாத்திரை போடுகிறவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கிருமி இல்லாமலேயே அது புண்ணை உண்டாக்கும். எடை குறைதல், விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, பிஸ்மத் எதுவும் சாப்பிடாதபோது தார் போன்ற கறுப்பு மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பி வேண்டும்.

மற்றவர்களுக்குச் சோதனை எளிது. சிறிது யூரியா கரைசலைக் குடிக்கவைத்து மூச்சை ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் யூரியாவை உடைப்பதால் வரும் கார்பன் டை ஆக்ஸைடு மூச்சுக்காற்றில் தெரிந்துவிடும். மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் சோதனையும் நம்பகமானது. ரத்தப் பரிசோதனை, பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் பிரித்துச் சொல்லாது. மூச்சு, மலச் சோதனைகளுக்கு முன் அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். நிறுத்துவதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். வார விடுமுறையில் போய், எத்தனை மாதமாக உபாதை, என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, “எச்.பைலோரி இருக்கான்னு பாக்கணுமா டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மருந்து எழுதினால் பதினான்கு நாளையும் முடியுங்கள். முடித்து நான்கு வாரம் கழிந்ததும் மறுபடி ஒரு சோதனை செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும். வயிறு லேசாகிவிட்டதே என்று அந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.